கார்பன் தாளில் ஒரு நண்பன்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் கணிதத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கொஞ்சம் பேசுவேன். ஆனால் இன்று நான் பேச வந்தது என்னோடு படித்த ஒரு பையனைப் பற்றி. பையன் என்றுதான் சொல்ல வருகிறது. 26 வயதில் இறந்துபோனான். எனக்கு இப்போது 58. அவனோடு பழகியது 11 ஆண்டுகள். அவன் இல்லாமல் கழிந்தது 32 ஆண்டுகள். இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஆண்டும் ஒரு பக்கம் கூடிக்கொண்டே போகிறது, இன்னொரு பக்கம் 11லேயே நிற்கிறது.

அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவனுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பெயர் மட்டும் வேண்டாம் தம்பி, அது நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும். மத்ததெல்லாம் சொல்லு" என்றார். அவருக்கு 82 வயது. இந்த நேரத்தில் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எனவே நான் பேசுவதில் ஏதாவது பிசகினால் இன்று மாலையே எனக்குத் தொலைபேசி வந்துவிடும்.

சரி, அந்தப் பள்ளி நாட்களுக்குப் போகிறேன்.

எங்களுக்கு 16 வயது இருக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஏழு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. தேர்வு வருகிற ஆண்டு. படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாடம் ஓடிக்கொண்டிருக்கிறதே, எப்படிப் பிடிப்பது என்று பயம். முதல் சனிக்கிழமை அவன் வந்தான். சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தான். அந்த வாரத்துக் கணிதப் பாடம் முழுவதும் அதில் இருந்தது, நீல எழுத்தில், அவன் கையெழுத்தில்.

கார்பன் தாளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மெல்லிய தாள், ஒரு பக்கம் அடர் நீல மை பூசியிருக்கும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே அதை வைத்து, மேல் தாளில் அழுத்தி எழுதினால் கீழ்த் தாளிலும் அதே எழுத்து விழும். அழுத்தி என்பதுதான் முக்கியம். சாதாரணமாக எழுதினால் கீழே மங்கலாகத்தான் விழும். ஒரு வகுப்பு நேரம் முழுக்க அப்படி அழுத்தி எழுதினால் விரல் வலிக்கும். அவனுக்கு நடுவிரலில் பட்டாணி அளவுக்குக் காய்ப்பு காய்த்துவிட்டது. ஏழு வாரம் ஒரு நாள் விடாமல் அப்படி எழுதினான். அவனுக்கும் எனக்குமாக ஒரே சமயத்தில் இரண்டு நோட்டு.

இப்போதெல்லாம் வராத நண்பனுக்குக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கார்பன் எழுத்தில் ஒன்று உண்டு. தப்பாக எழுதி அடித்தால் அந்த அடித்தலும் கீழே விழும். தயங்கிய இடத்தில் பேனா நின்ற புள்ளியும் விழும். ஒன்றையும் ஒளிக்க முடியாது.

அதோடு இன்னொன்று. அவன் இரவில் வீட்டில் உட்கார்ந்து, எனக்கான கீழ்த் தாளை மட்டும் எடுத்து, ஓரங்களில் பச்சை மையால் ஏதேதோ எழுதியிருந்தான். அது மேல் தாளில் கிடையாது. எனக்காக மட்டும் எழுதியது. சிலவற்றைச் சொல்கிறேன், தாள்கள் இங்கே என் கையில் இருக்கின்றன.

"இந்த வரிக்கு அப்புறம் சார் மூன்று முறை தும்மினார். மூன்றாவதில் சாக்பீஸ் உடைந்தது."

"இங்கே எனக்குப் புரியவில்லை. ஆனால் தலையாட்டினேன். நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய், நான் தப்பித்திருப்பேன்."

"இது தேர்வுக்கு வராது. ஆனால் அழகாக இருக்கிறது. இரண்டு தடவை படி."

"உன் இடத்தில் இன்று ஒருவன் உட்கார வந்தான். என் பையை வைத்துவிட்டேன்."

மொத்தம் 43 தாள்கள். நான் கணித ஆசிரியன் ஆனதற்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டால், அந்த மூன்றாவது வாசகத்தைத்தான் சொல்வேன். தேர்வுக்கு வராத ஒன்று அழகாக இருக்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னவன் என் வயதுப் பையன் ஒருவன்.

பத்து ஆண்டுகள் கழித்து, காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்ந்தவன் ஒன்பதாம் நாள் போய்விட்டான். அந்த ஒன்பது நாட்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவனுடைய 26 ஆண்டுகளில் அவை ஒன்பது நாட்கள், அவ்வளவுதான். ஆனால் யாரிடம் அவனைப் பற்றிச் சொன்னாலும் முதல் கேள்வி "என்ன ஆச்சு?" என்பதாகத்தான் இருக்கிறது. எனக்கு வேறு கேள்வி வேண்டும். "எப்படிப்பட்ட ஆள்?" என்று யாராவது கேட்டால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொல்வேன்.

இப்போது சொல்லப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி. இறுதி நாளுக்குப் போனேன். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் ஒன்பது ஆண்டுகள் போகவில்லை. பேருந்து அந்தத் தெரு வழியாகப் போனால் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். என்ன காரணம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? என்னைப் பார்த்தால் அவன் அம்மாவுக்கு அவன் நினைவு வந்துவிடும், பாவம், ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கீற வேண்டாம் என்று. கேட்பதற்கு எவ்வளவு கருணையாக இருக்கிறது, பாருங்கள். உங்களில் பலரும் இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு எங்காவது ஒரு வீட்டுக்குப் போகாமல் இருப்பீர்கள். அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

ஒன்பதாம் ஆண்டில் வீடு மாறும்போது பழைய பெட்டியில் அந்த 43 தாள்கள் கிடைத்தன. உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் ஒரு எண்ணம் வந்தது. மேல் தாள்கள் எங்கே? அவனுடைய நோட்டு எங்கே இருக்கும்? மறுநாளே கிளம்பிப் போனேன்.

கதவைத் திறந்தவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வா" என்றார். ஒன்பது ஆண்டு வரவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் உளறினேன். "உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டாமென்று..." என்று இழுத்தேன். அதற்கு அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"மறந்திருந்தாத்தானே தம்பி ஞாபகப்படுத்த?"

பிறகு உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். அவனுடைய பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் ஒரு அலமாரியில் அப்படியே இருந்தன. நோட்டைத் திறந்தோம். என் தாள்களைப் பக்கத்தில் வைத்தோம். ஒரே எழுத்து, ஒரே அடித்தல், ஒரே இடத்தில் பேனா நின்ற புள்ளி. அவருக்குக் கணிதம் தெரியாது. ஆனால் விரலால் இரண்டு தாளிலும் ஒரே வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் தாளின் ஓரத்துக்கு வந்தார். பச்சை மை.

"இது என்ன, இதுல இல்லையே?"

படித்துக் காட்டினேன். தும்மல், சாக்பீஸ், தலையாட்டியது, பையை வைத்தது. அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது எட்டாவது தாள் வந்தபோது சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நேயர்களே, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

"அவன் சிரிக்க வைப்பானா?"

என் நண்பன் வீட்டில் அதிகம் பேசாதவன். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், அம்மா வேலைக்குப் போய்க் களைத்து வருவார், இவன் அமைதியாகச் சாப்பிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவான். வீட்டில் அவன் பொறுப்பான, அமைதியான பிள்ளை. வகுப்பிலோ அவன் இருக்கும் மூலையில் சிரிப்பு அடங்காது. பெற்ற தாய்க்கு அந்த மூலை தெரியாது. எப்படித் தெரியும்? எந்தத் தாயும் மகனின் வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் ஒருவர் இறந்தால் அவருக்கு மனைவியோ பிள்ளைகளோ இல்லாமல் இருக்கலாம். அவரைப் பற்றி எழுதப்பட்டது எதுவும் இருக்காது. இருப்பது இரண்டே இடம்தான். ஒன்று வீடு. இன்னொன்று கூடப் படித்தவர்கள். வீட்டில் இருப்பது அவர்களிடம் பத்திரமாக இருக்கும். வீட்டில் இல்லாத பாதி நம்மிடம் இருக்கிறது. அதை நாம் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அவர்களுக்கு அது வேறு எங்கிருந்தும் வராது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நண்பனை இழந்தவருடைய துக்கத்துக்கு உலகத்தில் பெரும்பாலும் இடம் கிடையாது. அப்பா அம்மா இறந்தால் விடுப்பு கேட்கலாம். கணவன், மனைவி, உடன்பிறந்தவர் என்றால் கேட்கலாம். "என்னோடு பள்ளியில் படித்தவன் இறந்துவிட்டான், மூன்று நாள் விடுப்பு வேண்டும்" என்று எங்கே கேட்பது? கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட துக்கத்துக்கு ஒரு பெயரே கொடுத்தார். தமிழில் சொன்னால் உரிமை மறுக்கப்பட்ட துக்கம். துக்கம் உண்மையாக இருக்கும், ஆனால் சுற்றி உள்ளவர்கள் அதைத் துக்கமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அழுவதற்கு உரிமை உள்ளவர்கள் வரிசையில் நாம் இல்லை என்று நாமே பின்னால் போய் நின்றுகொள்வோம். நான் ஒன்பது ஆண்டு போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. நான் யார் அங்கே போய் உட்கார என்ற எண்ணம். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது கணிதம். பயப்பட வேண்டாம், கரும்பலகை தேவைப்படாத கணிதம்தான்.

என் மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. எவரிஸ்ட் கால்வா என்ற பிரெஞ்சுக்காரன். 1811 அக்டோபரில் பிறந்தவன். 1832 மே 30ஆம் தேதி காலை துப்பாக்கிச் சண்டை ஒன்றில் வயிற்றில் குண்டு பட்டு, மறுநாள் இறந்தான். வயது 20. அந்த 20 வயதுக்குள் அவன் கண்டுபிடித்தது இன்று உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் அவன் பெயரிலேயே பாடமாக இருக்கிறது.

என்ன கண்டுபிடித்தான்? பள்ளியில் இருபடிச் சமன்பாடு படித்திருப்பீர்கள். அதைத் தீர்க்க ஒரு சூத்திரம் உண்டு, எண்களைப் போட்டால் விடை வரும், வர்க்கமூலம் எல்லாம் வருமே, அதுதான். முப்படிக்கும் நாற்படிக்கும் கூட அப்படிச் சூத்திரங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டன. ஐந்தாம் படிக்குத் தேடினார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை. எல்லாச் சமன்பாட்டுக்கும் பொருந்தும் அப்படி ஒரு சூத்திரம் இருக்கவே முடியாது என்பது 1820களில் நிரூபணமானது. சரி, அப்படியானால் எந்தச் சமன்பாட்டை அந்த வழியில் தீர்க்கலாம், எதைத் தீர்க்க முடியாது, எப்படி முன்கூட்டியே சொல்வது? அதற்கு வழி சொன்னவன் கால்வா. இவ்வளவு போதும்.

சாகும் முன் ஒரே இரவில் அத்தனை கணிதத்தையும் எழுதி முடித்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. முக்கியமான கட்டுரைகளை அவன் முன்பே எழுதி அறிவியல் கழகத்துக்கு அனுப்பியிருந்தான். அவை ஏற்கப்படவில்லை. அந்தக் கடைசி இரவில், மே 29ஆம் தேதி, அவன் செய்தது பழைய தாள்களைத் திருத்தியதும் கடிதங்கள் எழுதியதும்தான். ஒரு நிரூபணத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், "எனக்கு நேரமில்லை" என்று எழுதியிருக்கிறான். ஓரத்தில் எழுதுகிற பையன்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம், காரணம் உங்களுக்கே தெரியும்.

அந்த இரவில் எழுதிய கடிதங்களில் மிக நீளமானது யாருக்குத் தெரியுமா? எந்தப் பேராசிரியருக்கும் இல்லை. கல்லூரியில் கூடப் படித்த நண்பன் ஆகஸ்ட் செவாலியேவுக்கு. என் கண்டுபிடிப்புகள் இவை, ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர்களான யாக்கோபியிடமோ கவுஸிடமோ இவற்றைப் பற்றிப் பகிரங்கமாகக் கருத்துக் கேள் என்று அதில் கேட்டுக்கொண்டான்.

என் மாணவர்கள் எல்லோரும் கால்வாவைப் பற்றிக் கேட்பார்கள். துப்பாக்கி, சண்டை, யாருக்காக, எதற்காக என்று. நான் செவாலியேவைப் பற்றிப் பேச ஆசைப்படுவேன். அவர் கணிதத்தில் பெயர் எடுத்தவர் இல்லை. நண்பன் எழுதியது முழுக்கப் புரிந்துதான் அவர் சுமந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என்ன செய்தார் பாருங்கள். அதே 1832 செப்டம்பரில் அந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட வைத்தார். நண்பனைப் பற்றித் தன் கையால் நினைவுக் கட்டுரை எழுதி அச்சில் கொண்டுவந்தார். கால்வாவின் தம்பி ஆல்ஃபிரடும் இவருமாக அந்தத் தாள்களைப் படியெடுத்தார்கள். கையால். எழுத்து எழுத்தாக. பிறகு காத்திருந்தார்கள். ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு, ஐந்து, பத்து. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் லியூவில் என்ற கணித அறிஞர் அந்தத் தாள்களைப் பொறுமையாகப் படித்தார். 1843இல் அறிவியல் கழகத்தில் எழுந்து, இந்தப் பையனுடைய தாள்களில் சரியான, ஆழமான விடை இருக்கிறது என்று அறிவித்தார். 1846இல் தன் பத்திரிகையில் வெளியிட்டார்.

14 ஆண்டுகள். கால்வாவின் உடல் பாரிசின் மோன்பர்னாஸ் இடுகாட்டில் பொதுக்குழியில் புதைக்கப்பட்டது. இன்று அந்த இடம் எது என்று காட்ட முடியாது. தாள்கள் மட்டும் பிழைத்தன. படியெடுத்த இரண்டு பேரால் பிழைத்தன, ஒருவர் தம்பி, இன்னொருவர் கூடப் படித்தவர். ஒருவர் வீடு, ஒருவர் வகுப்பு. நான் முதலில் சொன்ன அந்த இரண்டு இடங்கள்.

என் நண்பன் கால்வா இல்லை. அவன் எந்தத் தேற்றத்தையும் கண்டுபிடிக்கவில்லை. அவன் விட்டுப்போனது, ஒருவனுடைய இடத்தில் வேறொருவன் உட்காராமல் பையை வைத்த கதை. ஆனால் அவன் அம்மாவுக்கு அது எந்தத் தேற்றத்தைவிடவும் பெரியது. படியெடுப்பவர் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுதானே?

படியெடுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாம் எல்லோரும் தவறுகிறோம். ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்று கேம்பிரிட்ஜில் ஒரு உளவியல் அறிஞர் இருந்தார். பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை ஆட்களிடம் படிக்கக் கொடுத்து, சில நாள், சில மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932இல் அந்த ஆய்வை வெளியிட்டார். கதை ஒவ்வொரு முறையும் சுருங்கியது. அதைவிட முக்கியம், விசித்திரமான பகுதிகள் பழக்கமானவையாக மாறின. கதையில் இருந்த மரத்தோணி வெறும் படகு ஆயிற்று. கடல்நாய் வேட்டை, மீன்பிடிப்பு ஆயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. மனம் தனக்குத் தெரிந்த வடிவத்துக்குள் கதையைத் தானாக இழுத்துக்கொண்டது.

இறந்த நண்பனுக்கும் இதுதான் நடக்கிறது. முதல் ஆண்டு அவன் அவனாகவே இருக்கிறான். பத்தாம் ஆண்டில் "ரொம்ப நல்ல பையன்" ஆகிவிடுகிறான். "எல்லோருக்கும் உதவுவான், எப்போதும் சிரித்த முகம்." இந்த வரியை எந்த ஊரில், யார் இறந்தாலும் சொல்லலாம். அதற்குள் ஒரு ஆள் இல்லை. தோணி படகாகிவிட்டது.

என் நண்பன் எப்போதும் சிரித்த முகம் இல்லை. பிடிவாதக்காரன். இரவல் வாங்கிய புத்தகத்தில் பக்க முனையை மடித்துவிடுவான், எத்தனை முறை சொன்னாலும் மடிப்பான். 20 வயதில் என்னோடு நான்கு மாதம் பேசாமல் இருந்தான். எதற்கு? சதுரங்கம் ஆடும்போது நான் குதிரையைத் தொட்டேன். பிறகு யோசித்துவிட்டு யானையை நகர்த்தினேன். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. நட்பு ஆட்டம்தானே என்றேன். "நட்பு ஆட்டத்துக்கு ஏன் விதி வேறயா இருக்கணும்?" என்றான். எழுந்து போய்விட்டான். நான்கு மாதம்! ஒரே கல்லூரி, ஒரே பேருந்து, பக்கத்து இருக்கை, ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் ஒரு நாள் பேருந்தில் திரும்பி, "குதிரையை எங்க வைக்கலாம்னு நினைச்ச?" என்று கேட்டான். நான்கு மாதமாக அந்த ஆட்டத்தை மனதில் வைத்திருந்திருக்கிறான். சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "அதுவே நல்ல நகர்த்தல்தான், ஜெயிச்சிருப்ப" என்றான். அன்று முதல் மறுபடியும் பேசினோம். அவன் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். தொட்ட காயை நகர்த்தியிருக்க வேண்டும்.

இந்தக் கதையை அவன் அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். இறந்தவனைப் பற்றிக் குறை சொல்வது போல ஆகிவிடுமே என்று. சொன்னதும் அவர் உடனே, "ஆமா, அவன்தான்! பக்கத்தை மடிக்கிறதுக்கு நானும் திட்டியிருக்கேன்" என்றார். மற்ற எல்லாப் புகழுரையையும் அவர் தலையசைத்துக் கேட்டார். "அவன்தான்" என்று அவர் சொன்னது அந்த ஒரு கதைக்கு மட்டும்தான். எனவே கொண்டுபோகும்போது மெருகேற்றாமல் கொண்டுபோங்கள். கார்பன் தாள் போல, அடித்தலோடு சேர்த்து.

"எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லையே" என்று சிலர் சொல்வீர்கள். இருக்கும். நாற்பது வயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள்தான் அளவுக்கு அதிகமாக வருகின்றன என்று 1980களிலிருந்து பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடப் படித்தவர்கள் நம் வாழ்க்கையில் வந்து போனது சரியாக அந்தக் காலத்தில்தான். ஆகவே உள்ளே இருக்கிறது. தூண்டிவிட ஒரு ஆள் வேண்டும். ஒருவர் ஒரு நுனியைக் கொடுத்தால் இன்னொருவர் மறு நுனியை எடுப்பார்.

நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் வகுப்பில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசினேன். ஒரு கேள்விதான் கேட்பேன்: "அவன் உன்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் சொல்." அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் எல்லோரும் நல்லவன் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு வாக்கியம் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். ஒருவர், பரிசோதனைக் கூடத்தில் தான் குடுவையை உடைத்தபோது இவன் "நான்தான் தட்டிவிட்டேன்" என்று முன்னால் வந்ததைச் சொன்னார். ஒரு தோழி, தான் கல்லூரியை விடப்போகிறேன் என்று சொன்ன நாளில் அவன் கேட்ட ஒரே கேள்வியைச் சொன்னார்: "விட்டுட்டுக் காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்ப? எழுந்து என்ன செய்வ?" அவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். கல்லூரியை விடவில்லை. இன்று அவர் மருத்துவர். நேற்று மாலை வரை 19 பேரிடம் பேசியிருந்தேன். கேட்டதையெல்லாம் தேதி போட்டு, யார் சொன்னது என்று குறித்து, அந்த 43 தாள்களோடு சேர்த்து வைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு அவன் வீட்டுக்குப் போய்ப் புதிதாகக் கிடைத்ததைப் படித்துக் காட்டுவேன். 23 ஆண்டுகளாக இது நடக்கிறது. இன்னும் தீரவில்லை. 26 ஆண்டு வாழ்ந்த ஒருவனுக்குள் எவ்வளவு இருந்திருக்கிறது, பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்.

நீல்ஸ் ஆபெலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அந்த ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் கிடையாது என்று 1824இல் நிரூபித்த நார்வேக்காரர். நிலையான வேலை இல்லாமல், காசநோயில், 1829 ஏப்ரல் 6ஆம் தேதி இறந்தார். என் நண்பனின் வயது, 26. பெர்லினில் வேலை உறுதியாகிவிட்டது என்று அவருடைய நண்பர் க்ரெல்லே கடிதம் எழுதியது ஏப்ரல் 8ஆம் தேதி. இரண்டு நாள். ஆபெலின் படைப்புகளைத் திரட்டி 1839இல் பதிப்பித்தது பள்ளியில் அவருக்குக் கணிதம் கற்பித்த ஹோல்ம்போ. ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு பகுதி எழுதி வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை.

அம்மாவுக்கு ஒரு செய்தி சொல்லி முடித்துக்கொள்கிறேன். நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மா, 31ஆம் தாளின் ஓரத்தில் "பீரங்கி இன்றைக்கும் அதையே சொன்னது, நான் சிரிக்கவில்லை, சத்தியம்" என்று எழுதியிருக்கிறானே, பீரங்கி யார், என்ன சொன்னது என்று இத்தனை ஆண்டாக இருவருக்கும் தெரியாமல் இருந்ததே. நேற்று இரவு இருபதாவது ஆள் கிடைத்தார். எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தொலைபேசியிலேயே சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன்.

வணக்கம்.